புறாப்பூவுக்குக் கட்டிய பாவாடை

அந்தச் செடி பூக்காத வரைக்கும் என் அக்கா சாக மாட்டாள் என்று நான் நம்பினேன்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். எனக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. கெமிஸ்ட்ரியில் பட்டம் வாங்கியவன். குலசேகரத்தில் பெயிண்ட் கடை வைத்து, எந்தச் சுவருக்கு எந்தப் பிரைமர் அடிக்க வேண்டும் என்று ஊருக்கே பாடம் எடுக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை சபையில் காணிக்கைப் பை எடுக்கிறவன். அப்படிப்பட்ட பெரிய மனிதன்தான் கொட்டுகிற மழையில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, முற்றத்து மாமரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு செடிக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

செடி நனையவில்லை. நான் உள்ளாடை வரைக்கும் நனைந்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் தங்கராஜ் வர வேண்டுமா? பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறான். பைக்கை நிறுத்தி, மழைக்கோட்டின் தொப்பியை விலக்கி, என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"ஏலே மக்கா, குடை பிடிச்சிட்டு நிக்கியா?"

"கண்ணு தெரியல்லியா ஒனக்கு?"

"தெரியுது. சளி ஆருக்கு, ஒனக்கா செடிக்கா?"

"நீ ஒன் சோலியப் பாத்துட்டுப் போ."

"போறேன். ஆவி பிடிக்க வைக்கணும்னா சொல்லு. வீட்டுல பெரிய பானை ஒண்ணு கெடக்கு. செடி தாராளமா உள்ள போவும்."

வராந்தாவில் நின்ற என் மனைவி பிரேமா தலையில் அடித்துக்கொண்டாள். "தங்கராஜண்ணே, அவியளுக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்காதிய. நெசமாவே பானையைத் தூக்கிட்டு வந்திருவாவ."

சென்ற வாரம் இந்தப் பத்தியில், கல்யாண வீட்டில் நான் சாம்பார் வாளிக்குள் விழுந்த கதையை எழுதியிருந்தேன். இதுவும் விழுந்த கதைதான். வாளி மட்டும் இல்லை.

மண்ணுக்குள் போன செடி

செடி அக்காவுடையது. லீலா அக்கா எனக்கு மூத்தவள். சிங்கப்பூரில் நர்ஸாக வேலை பார்த்து, தலை நரைத்து, ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "டியூட்டி மாத்திவிட ஆளு கிடைக்கல்ல" என்பாள். எங்கள் வீட்டில் பின்பக்கத்து அறையை எடுத்துக்கொண்டாள்.

வந்த புதிதில் என்னைக் காரை எடுக்கச் சொல்லி பாறசாலைக்கு அப்பால் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அந்த வீட்டில் ஆட்கள் இருக்க இடம் இல்லை. முழுக்க ஆர்க்கிட் தொங்கியது. ஊதா, மஞ்சள், புள்ளி போட்டது, வரி போட்டது என்று துணிக்கடை மாதிரி இருந்தது. அக்கா எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. மூலையில், பூவே இல்லாமல், காய்ந்த குச்சிகளைக் கட்டி வைத்ததுபோல ஒன்று கிடந்தது. அதை எடுத்து வந்து காரில் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதுக்கா பெட்ரோலு செலவழிச்சு வந்தோம்?" என்றேன்.

"இது புறாப்பூ. வெள்ளையாப் பூக்கும். நீ வண்டிய நேரே பாத்து ஓட்டு."

வீட்டுக்கு வந்ததும், "மக்கா, இத எங்கயாவது வையி" என்று என்னிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அக்கா சிங்கப்பூரிலிருந்து வந்த பிறகு எனக்குக் கொடுத்த முதல் பொறுப்பு. விடுவேனா? பெரிய சட்டி எடுத்து, செம்மண்ணும் ஆட்டுப்புழுக்கையும் சரிபாதியாகக் கலந்து, செடியைக் கழுத்தளவுக்குப் புதைத்து, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். வாழைக்கன்றுக்குச் செய்வதைத்தான் செய்தேன். வாழை எனக்கு ஒரு நாளும் துரோகம் செய்ததில்லை.

இந்தச் செடிக்கு மண் ஆகாது என்பது எனக்குத் தெரியாது. மரத்துப் பட்டையில் ஒட்டிக்கொண்டு, வேரைக் காற்றில் நீட்டி வாழ்கிற சாதி அது. அதன் வேர் நனைய வேண்டும். நனைந்த வேகத்தில் காயவும் வேண்டும். அடிப்பாகம் அழுகி வாடை வந்த பிறகுதான் அக்கா சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"ஏலே, உயிரோட இருக்கத அடக்கம் பண்ணிட்டியே."

அழுகியதையெல்லாம் வெட்டி எறிந்தபோது மிஞ்சியது இரண்டு குச்சிதான். வெட்டிய இடத்தில் மஞ்சள்பொடி அப்பினாள். மாமரத்தின் கவட்டுக்குக் கீழே, காலை வெயில் சாய்ந்து விழுகிற பக்கத்தில், தேங்காய்ச் சவுரி நாரை வைத்து, தன் பழைய காலுறையைக் கிழித்துச் சுற்றிக் கட்டினாள். கயிறு கட்டினால் தண்டை அறுத்துவிடுமாம். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கை அல்லவா, அவ்வளவு இறுக்கம், அவ்வளவு பதம்.

அதற்குப் பிறகு சில வருடங்கள் அது பூக்கவே இல்லை. புது வேர் விட்டது. வெள்ளிக் கம்பி மாதிரி பட்டை மேல் ஊர்ந்தது. அடியில் பருத்து, நடுவில் இலை விட்டு, நுனியில் இலையே இல்லாமல் மெலிந்து போகிற தண்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. அக்கா காலையில் தண்ணீர் தெளிப்பாள். எப்போதாவது கடலைப் பிண்ணாக்கு ஊறிய தண்ணீரின் தெளிவை நிறைய நீர் விட்டுக் கலந்து ஊற்றுவாள். நத்தையைக் கண்டால் மட்டும் அவள் கிறிஸ்தவள் என்பதே மறந்துபோகும்.

ஒரு நாள் வெள்ளை

சிங்கப்பூரில் அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரி வாசலில், சாலையின் இரண்டு பக்கமும் பெரிய மரங்கள். அந்த மரங்களில் இந்தச் செடி யாரும் வைக்காமலே ஒட்டிக் கிடக்குமாம். மற்ற நாட்களில் அதைக் குப்பை என்றுதான் நினைப்பார்கள். பெரிய மழை ஒன்று அடித்து ஒரு வாரம் சொச்சம் கழிந்தால், ஒரு காலையில் அந்த வட்டாரத்தில் இருக்கிற அத்தனை செடியும் ஒன்றாகப் பூத்துவிடும். பக்கவாட்டில் பார்த்தால் புறா சிறகு விரித்த மாதிரி. நடுவில் ஒரு பொட்டு மஞ்சள். சாயங்காலம் ஆனால் ஒன்றும் இருக்காது.

"ஒரே நாளா?" என்று கேட்டேன்.

"ஒரே நாளு. லீவு போட்டவளுக்குக் கிடையாது."

அன்றைக்கு வார்டில் நடக்க முடியாதவர்களின் கட்டில்களை ஜன்னல் பக்கம் நகர்த்திவிடுவார்களாம். "அன்னைக்கு மட்டும் கஞ்சியில உப்பு இல்லேன்னு ஒருத்தனும் சண்டைக்கு வரமாட்டான் கேட்டியா" என்பாள்.

இதை அவள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். நான் ஒவ்வொரு முறையும், "ஒரு நாளைக்குப் பூக்கதுக்கு இத்தன பவுசா? நம்ம செம்பருத்தி தெனமும் பூக்குது, ஒரு வார்த்த பேசுதா?" என்று கிண்டல் செய்திருக்கிறேன்.

வெப்ராளம்

எங்கள் பக்கத்தில் வெப்ராளம் என்று ஒரு வார்த்தை உண்டு. கை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போக, புத்தி எந்தப் பக்கமும் போகாமல் நிற்கிற நிலை. எங்கள் ஊரில் அந்த வார்த்தைக்கு விளக்கம் கேட்டால் என் வீட்டைக் கைகாட்டுவார்கள்.

தங்கராஜ் வீட்டில் ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டு உலர்த்துகிற அறை ஒன்று இருக்கிறது. அதில் புகை வந்ததைப் பார்த்து, தீ, தீ என்று அலறி, வாளித் தண்ணீரை உள்ளே வீசியவன் நான். உள்ளே ஷீட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த அவன் அப்பா முழுக்க நனைந்து வெளியே வந்து, "மோனே, புகை போடுத எடத்துல பின்ன என்ன வரும்?" என்று அமைதியாகக் கேட்டார்.

அப்படிப்பட்டவனிடம்தான் அக்காவின் வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்னார்.

உண்மையில் டாக்டர் சொல்வதற்கு முன்பே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்கேன் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். நர்ஸ் பார்க்கிற பார்வை. பிறகு மடித்து உறைக்குள் வைத்துவிட்டு, "பசிக்குது. கேண்டீன்ல பழம்பொரி இருக்கான்னு பாரு" என்றாள். நான் நிம்மதியாகப் போய் வாங்கி வந்தேன். பசிக்கிறவளுக்கு என்ன பெரிய நோய் இருந்துவிடப் போகிறது? அதை அவள் தொடவில்லை. என்னை அங்கிருந்து அனுப்புவதற்காகக் கேட்டிருக்கிறாள்.

வைத்தியம் கொஞ்ச நாள் நடந்தது. பிறகு அவளே போதும் என்றாள். வீட்டுக்கு வருகிற வழியில், காரின் பின் சீட்டில் சாய்ந்துகொண்டு, வெளியே பார்த்தபடி சொன்னாள்:

"அந்தப் புறாப்பூவ இஞ்ச வச்சு ஒருக்கா பாத்துட்டா போதும் மக்கா. பெறவு ஒண்ணும் வேண்டாம்."

வேறு யாராக இருந்தாலும் இதை ஆசை என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது ஒப்பந்தமாகத் தெரிந்தது. பூவைப் பார்ப்பாள், போய்விடுவாள். பார்க்காவிட்டால்? போக முடியாதே! மழை பெய்தால்தானே அது பூக்கும்? மழை படாமல் பார்த்துக்கொண்டால் தீர்ந்தது. என் மூளை இவ்வளவு வேகமாக வேலை செய்தது அதுதான் முதல் தடவை.

பாவாடை

மழைக்காலத்தில் ரப்பர் மரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பால் வெட்டுகிற பட்டையில் தண்ணீர் இறங்காமல் இருக்க, மரத்தின் இடுப்பில் பிளாஸ்டிக்கை மடிப்பு மடிப்பாகச் சுருக்கி, தார் போன்ற பசையில் ஒட்டிவிடுவார்கள். தோட்டம் முழுக்க மரங்கள் பாவாடை கட்டிக்கொண்டு நிற்கும்.

தங்கராஜிடம் போய், "மக்கா, நம்ம மாமரத்துக்கு ஒரு பாவாடை கட்டணும்" என்றேன்.

அவன் பால் வாளியைக் கீழே வைத்தான். "மாமரத்துல பால் வெட்டப் போறியா?"

"கட்டுவியா, மாட்டியா?"

"கட்டுதேன். ரவிக்கையும் வேணுமா?"

சிரித்துக்கொண்டே கட்டினான். செடிக்கு மேலே சுற்றிலும் பிளாஸ்டிக் விரிந்து நின்றது. மாமரத்துக்கு வயசுக்கு வந்த வெட்கம் வந்துவிட்டது. போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். பின் அறையில் கிடந்த அக்காவுக்கு முற்றம் தெரியாது. கேட்டால், மரத்துக்கு எறும்பு வராமல் இருக்க மருந்து கட்டியிருக்கிறது என்று சொல்லும்படி பிரேமாவை மிரட்டி வைத்தேன்.

வெயில் நீண்டது. நான் வேண்டிக்கொண்டேன். ஊரே மழை வேண்டிச் சபையில் ஜெபித்தபோது, கண்ணை மூடிக்கொண்டு எதிர் ஜெபம் செய்த ஒரே ஆள் நான்.

ஐப்பசி பிறந்து கொஞ்ச நாளில் ஒரு மத்தியானம் வானம் கறுத்தது. காற்று முதலில் வந்து பாவாடையைத் தூக்கியது. சாரல் செடியின் மேல் விழப் போனது. அப்போதுதான் நான் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தங்கராஜ் பார்த்தது அந்தக் கோலத்தைத்தான்.

அன்றிலிருந்து எனக்கு மாமரத்தடிதான் வீடு. மேகம் திரண்டால் கடையை வேலைக்காரப் பையனிடம்கூட ஒப்படைக்காமல் ஷட்டரை இழுத்துவிட்டு ஓடி வருவேன். குடையை எடுக்கப் பின் அறையைத் தாண்டிப் போகும்போது அக்காவின் குரல் கேட்கும்.

"ஏலே, எங்க ஓடுத? கொஞ்ச நேரம் இரி."

"இந்தா வந்துட்டேன் அக்கா."

வரமாட்டேன். மழை விட்டு, துடைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கும்போது அவள் கண்ணை மூடிக் கிடப்பாள். தூங்குகிறாள், நல்லது என்று திரும்பிவிடுவேன்.

அந்த வாரத்தில்தான் கவனித்தேன். இலையில்லாத நுனிகளில், தவிட்டு நிறத்தில் பருக்கையாகக் கிடந்தவை பச்சையாக வீங்கிக்கொண்டிருந்தன. ஒரு சொட்டு மழை படவில்லையே! குடையைத் தூக்கிப் பார்த்தேன், ஓட்டை இல்லை. பாவாடையைத் தடவிப் பார்த்தேன், கிழிசல் இல்லை. மொட்டுகள் என்னைக் கேட்காமல் வெளுத்துக்கொண்டே வந்தன.

வாசம்

விடிகிற நேரத்தில் எழுந்து முற்றத்துக்கு வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

பாவாடைக்கு அடியில் மரம் வெள்ளையாக இருந்தது. தண்டு தெரியவில்லை. அத்தனை புறாவும் ஒரே நேரத்தில் வந்து இறங்கியதுபோல் இருந்தது. எழுப்புவதற்கு ஆளே இல்லாமல், சத்தமே இல்லாமல், இவ்வளவு வேலை நடந்திருக்கிறது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பறித்துவிடலாம் என்று கையை நீட்டினேன். அவள் எழுவதற்குள் எல்லாவற்றையும் பறித்து வாழை அடியில் போட்டு மண்ணைத் தள்ளிவிட்டால் யாருக்குத் தெரியும்? ஒன்றைப் பறித்தும்விட்டேன். ஈரமாக, ஒரு கனமும் இல்லாமல் உள்ளங்கையில் கிடந்தது.

அப்போது பின் அறையிலிருந்து குரல் வந்தது.

"ஏலே... பூத்துட்டு போலிருக்கே."

வாசத்தை நான் மறந்துவிட்டேன். வீடு முழுக்க வாசம். அதற்குப் பாவாடை கட்டத் தெரிந்த ஆள் எங்கள் ஊரில் இல்லை.

நானும் பிரேமாவும் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி வந்தோம். நாற்காலியின் கனம்தான் இருந்தது. மரத்துக்கு எதிரே இறக்கினோம். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பூவைப் பார்க்கவில்லை. அவள் மூச்சு ஏறி இறங்குகிறதா என்று அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரொம்ப நேரம் கழித்து அவள் கண் மேலே போனது.

"அது என்னதுலே?"

"எறும்புக்கு..." என்று ஆரம்பித்தேன்.

பிரேமாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "எறும்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல மைனி. நீங்க பூவப் பாத்துட்டா போயிருவியளாம். அதுக்கு, மழ படாம பாவாட கட்டி, குடையும் பிடிச்சிட்டு நிக்காவ."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

"ஏலே மண்டூசு. நனைஞ்சாத்தான் பூக்கும்னு ஒனக்கு ஆரு சொன்னா? மழ வந்தா வெக்கை சட்டுனு கொறையும்லா? அது போதும் அதுக்கு. அந்தக் குளிரு பட்டாலே தெரிஞ்சுக்கிடும். நீ காத்துக்கு என்னத்தக் கட்டுவ?"

நானும் சிரித்தேன். அவள் சிரிப்பு முதலில் நின்றது.

"அப்போ, இது பூக்காம இருந்தா நான் போவாம இஞ்சயே கெடப்பேன். அப்பிடித்தானே?"

"ஆமா."

"இந்த வலியோட."

வலி என்ற வார்த்தையை அவள் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. பிரேமாவிடம் சொல்லியிருக்கிறாள். ராத்திரிகளில் கால் பிடித்துவிட்டதும், துணி மாற்றியதும், மருந்து கொடுத்ததும் பிரேமாதான். எனக்கு மரத்தடியில் வேலை இருந்தது.

ஒரு நகைச்சுவை தேடினேன். கிடைக்கவில்லை.

"அதுக்கு ஆளு வேண்டாம்லே" என்றாள் அக்கா, செடியைக் காட்டி. "அது நல்லாத்தான் இருக்கு. நீ கொஞ்சம் உள்ள வந்து இருந்தா என்ன?"

தங்கராஜ் அந்த வழியாக வந்தவன் வேலிக்கு வெளியே நின்று, "கொள்ளாமே, நல்லாப் பூத்திருக்கே!" என்றான். என்னைக் கிண்டல் செய்ய வாயைத் திறந்தவன், அக்காவைப் பார்த்து மூடிக்கொண்டான். வந்து பாவாடையைப் பிய்த்தெடுத்து, சுருட்டி, பைக்கில் வைத்துக்கொண்டு போனான்.

தேனீக்கள் வந்தன. வெயில் ஏறியது. அவள் உள்ளே போக மறுத்துவிட்டாள். சாயங்காலம் பூக்கள் நனைந்த காகிதம்போலத் தொங்கியபோது, "ம், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, பால் விடாமல், இஞ்சி போட்டு ஒரு கட்டன் சாயா கேட்டாள். குடித்துவிட்டு இனிப்பு கூடிப்போச்சு என்று பிரேமாவைத் திட்டினாள்.

பிறகு

அன்றைக்கு அக்கா சாகவில்லை. மறுநாளும் இல்லை.

கார்த்திகை மழையிலும் செடி பூத்தது. ஒரு முறை நாற்காலியில் வந்து பார்த்தாள். இன்னொரு முறை, "நீ பாத்துட்டு வந்து சொல்லு" என்றாள். பார்த்துவிட்டு வந்து சொன்னேன். கிறிஸ்துமஸ் போனது. தை, மாசியும் போயின. நான் மத்தியானத்தில் கடையைச் சாத்திவிட்டு வந்து, அவள் கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு உட்காரப் பழகினேன். காலை எந்த இடத்தில் பிடித்தால் அவளுக்கு நோகாது என்று பிரேமா சொல்லிக் கொடுத்தாள்.

பங்குனியில் ஒரு நாள். நல்ல வெயில். செடியில் ஒரு மொட்டுகூட இல்லை. கடைக்கு வந்த ஒருவர், மனைவியின் கல்யாணப் புடவையைக் கொண்டுவந்து விரித்து, இதே நிறத்தில் வீட்டுக்குப் பெயிண்ட் வேண்டும் என்று நின்ற கதையை அக்காவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரைப் போலவே பேசிக் காட்டினேன். அவர் மனைவி பின்னாலேயே ஆட்டோவில் வந்து இறங்கிப் புடவையைப் பிடுங்கியதையும் நடித்துக் காட்டினேன்.

கதையின் நடுவில் எங்கேயோ அக்கா இறந்துவிட்டாள். கடைசி வரைக்கும் சொல்லி முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.